நீண்ட வேலை நேரமும் வீட்டு நேரமும்: எதை வைத்து எடைபோடுவது?

#1 தராசுமுள்

வணக்கம். மாதச் சம்பள வேலையில் நேரம் நீண்டுகொண்டே போகிறது, வீட்டில் யாரையும் பார்க்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. ஒன்று "வேலையை விட்டுடு", இன்னொன்று "எல்லாருக்கும் இப்படித்தான், சமாளி". இந்த இரண்டையும் சொல்வதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. இந்த இழையில் அதை மட்டும் பேசலாம். சொந்தக் கதைகள் வேண்டாம், செய்முறை போதும்.

எல்லோரும் ஒரே கணக்கில் பேச ஒரு மாதிரி வைக்கிறேன். ஒப்பந்தத்தில் வாரம் 40 மணி நேரம். நடப்பில் அலுவலகத்தில் தினம் 10 மணி நேரம், ஐந்து நாள். போக வர ஒன்றரை மணி. இரவில் மெயில், போன் கால் என்று ஒரு மணி. வார இறுதியில் மொத்தம் 3 மணி. கணவன் மனைவி இருவருக்கும் வேலை. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று, நான்கு வயதில் ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் வேறொரு வேலை இருக்கிறது: கையில் வரும் சம்பளம் 20% குறைவு, நேரமும் குறைவு.

எப்படி அளப்பது, இருக்கும் இடத்திலேயே எதைக் கேட்டு வாங்கலாம், எந்தக் கட்டத்தில் விலகுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 படியளவு

அளப்பதிலிருந்து தொடங்குகிறேன். இங்கே தவறினால் அடுத்து எடுக்கும் முடிவு எல்லாம் தவறும்.

இரண்டு வாரம் குறிப்பு எடுங்கள், 15 நிமிடக் கட்டங்களாக. அன்றன்றைக்கே எழுத வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து வாரத்தை நினைவுபடுத்தி எழுதினால் கடினமான நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும், சராசரி கெட்டுவிடும். மாதக் கடைசி, ரிலீஸ் வாரம், ஆடிட் வாரம் மாதிரி நெருக்கடி வாரம் ஒன்றும் சாதாரண வாரம் ஒன்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

குறிப்பில் நான்கு பத்தி போதும். வேலை இடத்தில் இருந்த நேரம். பயணமும் கிளம்புவதற்கான ஆயத்தமும். வீட்டிலிருந்தபடி வேலைக்குக் கொடுத்த நேரம். நான்காவது, வந்த களைப்பில் யாரோடும் பேசாமல் போனையோ சுவரையோ பார்த்து உட்கார்ந்திருந்த நேரம். இந்த நான்காவதைப் பலர் எழுத மாட்டார்கள், "அது ஓய்வு" என்பார்கள். அதைக் கூட்டலில் சேர்க்க வேண்டாம், ஆனால் எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தராசுமுள் கொடுத்த மாதிரிக்குக் கணக்கு: அலுவலகம் 50, பயணம் 7.5, ஆயத்தம் தினம் அரை மணி வீதம் 2.5, இரவு வேலை 5, வார இறுதி 3. மொத்தம் 68 மணி நேரம். ஒப்பந்தத்தில் இருப்பதோ 40.

அடுத்து பணம். கையில் வரும் வாரச் சம்பளத்தை 100 பங்கு என்று வையுங்கள். பிடித்தமெல்லாம் போக வருவதை எடுக்க வேண்டும். மொத்தச் சம்பளத்தை எடுத்தால் கணக்கு தவறும், ஏனென்றால் சம்பளம் கூடக் கூட வரி விகிதமும் உயரும் இடங்களில் சம்பளத்தின் மேல்பகுதிக்குத்தான் அதிக விகிதத்தில் வரி போகிறது. மொத்தச் சம்பளம் 20% குறைந்தால் கையில் வருவது அதைவிடக் குறைவாகத்தான் குறையும். பிறகு, இந்த வேலை இல்லாவிட்டால் வந்திருக்காத செலவைக் கழியுங்கள்: பயணம், நேரமில்லாமல் வெளியே வாங்கிச் சாப்பிடுவது, பிள்ளையைக் கூடுதல் நேரம் பார்த்துக்கொள்பவருக்கான கட்டணம், வீட்டு வேலைக்கு வைத்த ஆள். மாதிரிக்கு 18 பங்கு என்போம். மிச்சம் 82.

காகிதத்தில் மணிக்கு 100/40, அதாவது 2.5 பங்கு. நடப்பில் 82/68, சுமார் 1.2 பங்கு.

புது வேலை: சம்பளம் 80, வேலை தொடர்பான செலவு 10, மிச்சம் 70. நேரம்: தினம் எட்டரை மணி வீதம் 42.5, பயணம் 5, ஆயத்தம் 2.5. மொத்தம் 50. மணிக்கு 1.4 பங்கு.

இங்கேதான் முக்கியமான எண் வருகிறது. சராசரியை ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். பணத்தில் 12 பங்கு, நேரத்தில் 18 மணி. அந்தக் கடைசி 18 மணி நேரத்தை மணிக்கு 0.67 பங்குக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம், காகித விலையில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல். "இந்த 18 மணி நேரத்தை இந்த விலைக்குக் கொடுப்போமா?" என்று வீட்டில் கேட்டால் பேச்சு தெளிவாகிவிடும். "வேலையா குடும்பமா" என்று கேட்டால் சண்டைதான் வரும்.

#3 வாசற்படி

படியளவு சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லா மணி நேரத்தையும் ஒரே எடைக்கல்லில் வைக்கிறார். வீட்டுக்கு எந்த மணி நேரம் என்பதுதான் பெரிய விஷயம்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு மாலை 6 முதல் 8 வரை உள்ள நேரம் ஈடு இல்லாதது. 8.30க்குத் தூங்கிவிட்டால் அதன்பின் நீங்கள் மூன்று மணி நேரம் வீட்டில் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு 6 மணியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர்கள் வாய் திறப்பது இரவு 9.30க்கு மேல், அதுவும் நீங்களாகக் கேட்காமல் பக்கத்தில் சும்மா இருந்தால். வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தேவைப்படுவது பகல் நேரம், ஏனென்றால் மருத்துவரைப் பார்ப்பது, பரிசோதனை, வங்கி எல்லாம் வேலை நேரத்தில்தான் நடக்கும். ஒரே 18 மணி நேரம் இந்த மூன்று வீட்டுக்கும் மூன்று விலை.

அதோடு, நேரத்தின் அளவைவிட நிச்சயம் பெரிது. தினம் 6 மணிக்கு முடியும் 50 மணி நேர வேலை, எப்போது முடியும் என்றே தெரியாத 45 மணி நேர வேலையைவிடக் குடும்பத்துக்கு நல்லது. காரணம் எளிது. நீங்கள் வருவது நிச்சயமில்லை என்றால் வீட்டில் இருப்பவர் எப்போதும் "இன்றைக்கும் வரமாட்டார்" என்று வைத்துத்தான் திட்டம் போட முடியும். அவர் மாலை வகுப்புக்குப் போக முடியாது, தன் அலுவலகத்தில் கூடுதல் பொறுப்பு ஏற்க முடியாது. நீங்கள் 6 மணிக்கே வந்துவிட்ட நாளிலும் அந்த மாலை அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. முன்கூட்டித் தெரியாத நேரத்தை யாரும் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

இதையும் அளக்கலாம். 20 வேலை நாள், மதியம் 12 மணிக்கு "இன்று இத்தனை மணிக்கு வருவேன்" என்று வீட்டுக்கு ஒரு செய்தி. வந்தவுடன் உண்மையான நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். அரை மணிக்கு மேல் தவறிய நாள் 4ஐத் தாண்டினால் உங்கள் சிக்கல் நீண்ட நேரத்தில் இல்லை, நிச்சயமின்மையில் இருக்கிறது. அப்போது நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் வேறு.

இன்னொன்று: சீக்கிரமாக வர வாய்ப்புள்ள நேரத்தைச் சொல்லாதீர்கள். பத்து நாளில் ஒன்பது நாள் காப்பாற்றக்கூடிய நேரத்தைச் சொல்லுங்கள். 7.30 என்று சொல்லி 7.20க்கு வருபவரை வீடு நம்பும். 6.30 என்று சொல்லி 7.20க்கு வருபவரை நம்பாது. வந்த நேரம் ஒன்றுதான்.

#4 நாடிமானி

உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் இது.

உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35% அதிகம், இதயக் குழாய் நோயால் இறக்கும் அபாயம் சுமார் 17% அதிகம் என்பது அதன் முடிவு. 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகளை 7,45,000 என்று மதிப்பிட்டார்கள். இந்த விழுக்காடுகள் ஒப்பீட்டு அபாயம். நூறு பேரில் 35 பேருக்குப் பக்கவாதம் வரும் என்று படிக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று பொருள். வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு பெரிய தொகை.

மேலே உள்ள மாதிரியில் பயணத்தையும் ஆயத்தத்தையும் விட்டுவிட்டாலே 58 மணி. கோட்டைத் தாண்டியாகிவிட்டது.

வார நாளின் கணக்கைப் பாருங்கள். வார இறுதி 3 மணியைக் கழித்தால் 65, ஒரு நாளைக்கு 13. இருபத்து நாலில் 13 போக 11. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும். மிச்சம் 4. குளியல், சாப்பாடு ஒன்றரை மணி, வீட்டு வேலை ஒரு மணி. மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். பிள்ளைகள், துணை, பெற்றோர், நீங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். புது வேலையில் தினம் 3 மணி கூடுகிறது, அதாவது ஒன்றரை மணி நாலரை ஆகிறது. நேரம் கால் பங்குதான் குறைகிறது, ஆனால் வீட்டுக்கு மிஞ்சுவது மூன்று மடங்கு. இதனால்தான் சின்னக் குறைப்புகூடப் பெரிதாகத் தெரியும்.

நடப்பில் நடப்பது என்ன? அந்த ஒன்றரை மணி போதாமல் தூக்கத்திலிருந்து ஒரு மணி எடுப்பார்கள். அடுத்த நாள் வேலை மெதுவாகும், இன்னும் நேரம் இழுக்கும். படியளவு சொன்ன நான்காவது பத்தியும் அதோடு சேர்ந்து வளரும். அது தினம் 45 நிமிடத்தைத் தாண்டினால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்ற முடிவுகள்.

#5 தவணைநாள்

எல்லாம் சரி. தேர்ந்தெடுக்க வழி உள்ளவர்களுக்கான பேச்சு இது. கையில் வருவதில் 45% கடன் தவணைக்குப் போகிறது, சம்பாதிப்பது ஒருவர்தான் என்ற வீட்டில் "20% குறைவாக வாங்கிக்கொள்" என்றால் எப்படி?

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. இந்த வருடத்துச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். நீண்ட நேர வேலையில் ஆண்டுக்கு 10% உயர்வு, மற்றதில் 6% என்றால் ஐந்து ஆண்டில் 100 என்பது 161 ஆகும், 80 என்பது 107 ஆகும். இடைவெளி 20இலிருந்து 54. ஓய்வூதியப் பங்களிப்பு சம்பளத்தின் விழுக்காடாகப் பிடிக்கப்படும் இடத்தில் அதுவும் கூடவே விலகிக்கொண்டே போகும். 0.67 பங்கு என்று படியளவு சொன்ன மணி விலை, ஐந்தாம் ஆண்டில் இரண்டரைப் பங்கைத் தொடும்.

#6 படியளவு

தவணைநாள் சொன்னது நியாயமான திருத்தம். என் கணக்கு முதல் ஆண்டுக்கு மட்டும்தான் சரி. விலைவாசி உயர்வைக் கழித்தால் 54 கொஞ்சம் சுருங்கும், ஆனாலும் இடைவெளி பெரிதுதான்.

அந்த 10% நிஜமா என்று மட்டும் பாருங்கள். கடைசி மூன்று ஆண்டு உயர்வுக் கடிதங்களை எடுத்து அதே எண்ணைப் போடுங்கள். "அடுத்த அப்ரைசலில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதற்குக் கணக்கில் பூஜ்யம்தான். மூன்று ஆண்டில் உண்மையான சராசரி 6% என்றால், நீண்ட நேரத்துக்கு உயர்வு என்ற பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள்.

கடன் உள்ள வீட்டுக்கு வரிசை வேறு. வேலையை மாற்றுவதற்கு முன் நிலையான செலவைக் குறைக்க வேண்டும். மாதாமாதம் கட்டியே ஆக வேண்டியவற்றை (தவணை, வாடகை, கட்டணங்கள், காப்பீடு) கூட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருவதைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள், அங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். இந்தத் தொகை புதிய சம்பளத்தில் 60%ஐத் தாண்டினால் இப்போது மாறாதீர்கள். வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைத்து முடிக்கும் தேதியைக் குறியுங்கள். அது வரைக்கும் இருக்கும் இடத்திலேயே நேரத்தைக் குறைக்கும் வழிதான்.

மாற முடியும் என்று தோன்றினால் ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த அன்றே 20%ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு மூன்று மாதம் மிச்சத்தில் வாழுங்கள். அந்தக் கணக்கில் கைவைத்தீர்களா இல்லையா என்பதுதான் தேர்வு. வைத்திருந்தால் எதற்காக என்று எழுதுங்கள், அந்த வரிதான் குறைக்க வேண்டிய செலவு அல்லது குறைக்கவே முடியாத செலவு. வைக்காவிட்டால் மூன்று மாதச் சேமிப்பு அவசர நிதியின் தொடக்கமாகக் கையில் இருக்கும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டுக்கு ஆறு மாத நிலையான செலவு கையிருப்பில் வேண்டும்.

நிறுவனம் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு விலகும் நாளில் முடிந்துவிடும் இடங்களில், சொந்தக் காப்பீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு எடுத்தால் நடுவில் இடைவெளி விழும்.

#7 நடுவிருக்கை

"இருக்கும் இடத்திலேயே" என்ற பகுதியைப் பேசுகிறேன். கேட்கும் விதம் தவறினால் நியாயமான கோரிக்கையும் விழுந்துவிடும்.

கேட்பதற்கு முன் நேரம் ஏன் நீள்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் குறிப்பில், ஒப்பந்த நேரம் முடிந்த பிறகு செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுங்கள். பெரும்பாலும் நான்கில் ஒன்றுதான் வரும்.

ஆளுக்கு மீறிய வேலை: இதற்குத் தனிப்பட்ட ஒழுக்கத்தில் தீர்வே இல்லை. வேலைப் பட்டியலோடு போய் "இவற்றில் எதை விடலாம், எதைத் தள்ளலாம்" என்றுதான் கேட்க வேண்டும். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர்களோடு போன் கால்கள்: வாரம் ஐந்து நாள் சிதறிக் கிடப்பதை இரண்டு நாளில் கட்டுங்கள், டீமில் முறைவைத்து மாற்றுங்கள், அந்த நாட்களில் காலை தாமதமாகத் தொடங்க அனுமதி வாங்குங்கள். மூன்றாவது, மேலாளர் உட்கார்ந்திருக்கும் வரை எல்லோரும் உட்காருவது. நான்காவது, பகல் முழுக்க மீட்டிங்கிலும் குறுக்கீட்டிலும் போய், யோசிக்க வேண்டிய வேலை 6 மணிக்குத்தான் தொடங்குவது. இந்த நான்காவதுதான் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமான குறிப்புகளில் தெரிகிறது, சரிசெய்யவும் எளிது. காலண்டரில் காலை இரண்டு மணி நேரத்தைப் பூட்டிவைத்து அந்த வேலையை அங்கே நகர்த்தினாலே மாலை அரை மணி முதல் ஒரு மணி வரை மீளும்.

நீண்ட நேரம் உட்கார்ந்தால் வேலை அதிகம் நடக்கும் என்று நம்பும் மேலாளருக்கு ஓர் ஆதாரம். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளைப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் பென்கவெல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் ஐம்பது மணி நேரத்தை ஒட்டியவரை உற்பத்தி நேரத்தோடு கூடியது, அதற்குமேல் கூடும் வேகம் குறைந்தது. 70 மணி நேரம் வேலை செய்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்துக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக மாறவில்லை. இயந்திரத்தில் நின்று செய்யும் வேலை அது. மேசை வேலையில் பிழை கண்ணுக்குத் தெரிய நாளாகும் என்பதால் இழப்பு உடனே பிடிபடாது.

இனி கேட்பது. "வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை வேண்டும்" என்று கேட்டால் மேலாளரால் ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. துண்டாகக் கேளுங்கள். ஒரு மாதிரி:

"செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் மாலை 5.30க்குக் கிளம்ப விரும்புகிறேன். அந்த நாட்களில் காலை 8.30க்கு வந்துவிடுவேன். வியாழன் 6 மணி நிலவர மீட்டிங்கை மதியம் 3க்கு மாற்றலாம், கலந்துகொள்ளும் நால்வரிடமும் கேட்டுவிட்டேன். 5.30க்குப் பிறகு உண்மையான அவசரம் என்றால் போனில் அழைக்கலாம், மெயிலை மறுநாள் காலை பார்ப்பேன். ஆறு வாரம் முயன்று பார்ப்போம். நிலுவை வேலை எண்ணிக்கையும் தாமதமான வேலைகளும் இப்போது எவ்வளவு என்று கீழே கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம் கழித்து அதே எண்களை வைத்துப் பேசுவோம்."

நாள், நேரம், ஈடு, அவசரத்துக்கு வழி, முயற்சிக் காலம், அளவுகோல் எல்லாம் இதில் இருக்கிறது. முதலில் நேரில் பேசிவிட்டு அன்றே மெயிலில் அனுப்புங்கள். சம்பள உயர்வு பேசும் மாதத்தில் இதைக் கேட்காதீர்கள், இரண்டையும் ஒன்றுக்கொன்று விலையாக்கிவிடுவார்கள். ராஜினாமாவைக் காட்டிக் கேட்டால் இப்போது கிடைக்கும், அடுத்த ஆள்குறைப்பில் உங்கள் பெயர் மேலே இருக்கும்.

சம்பளத்தைக் குறைத்து நாலு நாள் வேலை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாள் ஐந்திலிருந்து நாலாகும், டார்கெட் அப்படியே இருக்கும். 80% சம்பளத்துக்கு 100% வேலை. சம்பளக் குறைப்புக் கடிதத்திலேயே எந்தெந்த வேலை கைமாறுகிறது, யாரிடம் போகிறது என்ற பட்டியல் இருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

#8 கூரைநிழல்

வீட்டிலிருந்து வேலை பார்த்தால் இதெல்லாம் தீருமா?

#9 நாடிமானி

பயணம் போகும், அது நிச்சயமான லாபம். மாதிரியில் வாரம் 7.5 மணி. ஆனால் அந்த நேரம் வீட்டுக்கு வந்து சேராமல் வேலையின் இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்ளும். காலை அரை மணி முன்னால் லேப்டாப் திறக்கும், மாலை மூடாது. இதற்குத் தொடங்கும் நேரத்தைவிட முடிக்கும் நேரத்துக்குத்தான் காவல் தேவை. கடைசிப் பத்து நிமிடத்தை நாளை செய்ய வேண்டிய மூன்று வேலையை எழுதுவதற்கு வையுங்கள், லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு, பையைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அலுவலகச் செயலிகளின் அறிவிப்பை அந்த நேரத்தில் தானே அணையும்படி போனில் அமைக்கலாம்.

முடிக்காத வேலையிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை விளக்கினார். பிள்ளையோடு விளையாடும்போது நடுநடுவே பத்து முறை மெயில் பார்த்தால், முறைக்கு இரண்டு நிமிடம் என்று 20 நிமிடம் கணக்கு எழுதாதீர்கள். அந்த ஒரு மணி நேரமும் போனதாகவே எழுதுங்கள்.

ஓய்வு இடைவெளிக்கு ஒரு நல்ல அளவுகோல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலை நேர நெறிமுறையில் இருக்கிறது: ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லாவிட்டாலும் டீமுக்குள் இதை விதியாக வைக்கலாம். இரவு 11க்குப் போன் கால் முடிந்தால் மறுநாள் 10க்கு முன் தொடக்கம் இல்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் இடத்தில் என்ன விதி என்று ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். "பொருளாக்கத் தொழில்களில் நாளுக்கு 8, வாரத்துக்கு 48" என்று தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை 1919லேயே எழுதப்பட்டது. மேலாளர், நிர்வாகப் பதவி என்று பெயர் வைத்தால் பல சட்டங்களின் மேல்வரம்பு பொருந்தாது. பதவி உயர்வு வரும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

#10 வாசற்படி

நேரம் கிடைத்த பிறகு நடக்கும் தவறு ஒன்று. மீட்ட மூன்று மணி நேரம் மூன்று வாரத்தில் காணாமல் போகும், எதற்குப் போனது என்றே தெரியாது. காரணம், வீட்டில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

வீட்டு வேலையில் செய்வது ஒரு பகுதிதான். கவனிப்பது, நினைவில் வைப்பது, ஏற்பாடு செய்வது இவைதான் ஆளைத் தின்னும். "என்ன செய்யணும் சொல்லு, செய்றேன்" என்று சொல்பவர் செய்வதை மட்டும் எடுத்துக்கொள்கிறார், மற்ற மூன்றும் சொன்னவரிடமே நிற்கிறது. அதனால் முழு வேலையாக மாற்றுங்கள். தடுப்பூசி என்றால் அட்டையில் தேதி பார்ப்பது, முன்பதிவு, அன்றைக்கு லீவு, கூட்டிப்போவது, இரவு காய்ச்சல் வந்தால் எழுந்து பார்ப்பது, அட்டையில் பதிந்து எடுத்து வைப்பது, எல்லாம் சேர்ந்து ஒரு வேலை. இப்படி மூன்று வேலையை முழுசாக எடுத்துக்கொண்டால், எட்டுப் பத்து வேலைக்குத் "துணை" நிற்பதைவிட வீடு இலகுவாகும்.

முதல் மூன்று வாரம் சரியாக நடக்காது. ஏதாவது மறக்கும், தாமதமாகும். ஒப்படைத்தவர் பொறுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டால் அதோடு முடிந்தது. உடம்புக்கோ பணத்துக்கோ கேடு வராத தவறு என்றால் விட்டுவிடுங்கள்.

#11 நடுவிருக்கை

எப்போது விலகுவது என்று தராசுமுள் கேட்டதற்கு: தேதியை முன்பே குறிப்பதுதான் வழி. நெருக்கடி நடுவில் எடுக்கும் முடிவு கோபத்தில் எடுத்ததாகிவிடும்.

"இந்தப் ப்ராஜெக்ட் முடியட்டும்" என்றால் எந்தத் தேதியில் முடியும் என்று கேட்டு எழுதுங்கள். ஒரு முறை தள்ளிப்போவது இயல்பு. இரண்டாவது முறையும் தள்ளினால் அதைப் பருவ நெருக்கடி என்று எண்ணாதீர்கள், அந்த இடத்தின் நிரந்தர நிலை அதுதான். ஆறு வார முயற்சியை இரண்டு முறை கேட்டு, இரண்டும் பேச்சோடு நின்றால் வெளியே தேடத் தொடங்குங்கள். வேலையில் இருந்துகொண்டே.

புது இடத்தின் உண்மையான நேரத்தை நேர்காணலில் எப்படிக் கண்டுபிடிப்பது? "இங்கே வேலை நேரம் எப்படி?" என்று கேட்டால் அழகான பதில்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். நேற்று இந்த டீமில் கடைசியாகக் கிளம்பியவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார்? கடந்த மாதம் எத்தனை வார இறுதியில் வேலை நடந்தது, யார் பார்த்தார்? இந்த இடத்தில் முன்பு இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், எங்கே போனார்? போன முறை ஒருவர் நீண்ட லீவு எடுத்தபோது அவர் வேலையை யார் பார்த்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தடுமாறினால் அங்கே மாற்று ஆள் இல்லை என்று பொருள். மேலாளர் இல்லாமல் டீமில் ஒருவரோடு பதினைந்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். அவர்கள் உங்களுக்கு மெயில் அனுப்பிய நேரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 தராசுமுள்

நன்றி எல்லோருக்கும். ஒன்று மட்டும் பாக்கி. இருவருக்கும் நீண்ட நேரம், ஒருவர்தான் குறைக்க முடியும் என்றால் யார்? எல்லா வீட்டிலும் "குறைந்த சம்பளம் யாருக்கோ அவர்" என்று அரை நிமிடத்தில் முடிவாகிவிடுகிறது.

#13 தவணைநாள்

அந்த அரை நிமிட முடிவு இந்த மாதத்துக்குச் சரி, பத்து வருடத்துக்குத் தவறு. குறைந்த சம்பளக்காரர் குறைத்தால் அவர் உயர்வு நிற்கும், மற்றவர் உயர்வு தொடரும். அடுத்த முறை கேள்வி வரும்போது இடைவெளி இன்னும் பெரிதாகியிருக்கும், பதில் மறுபடி அதே ஆள். பெரும்பாலான வீட்டில் அது மனைவியாக முடிகிறது.

படியளவின் முறையில் இருவருக்கும் தனித்தனியாகப் போடுங்கள்: ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் குறைத்தால் வீட்டுக்கு எத்தனை பங்கு குறையும்? சில சமயம் அதிகச் சம்பளக்காரரின் கடைசி 8 மணி நேரத்துக்குக் காசே வருவதில்லை, ஏனென்றால் ஓவர்டைம் கிடையாது. அவர் அந்த 8ஐ விட்டால் வீட்டுக்கு நஷ்டம் பூஜ்யம். மற்றவரின் 8 மணி நேரத்துக்கு மணிக்கணக்கில் காசு வருகிறது. அப்போது முதலில் குறைக்க வேண்டியவர் அதிகச் சம்பளக்காரர்தான்.

அப்படியும் ஒருவர் சம்பளத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்றை எழுதுங்கள். எந்தத் தேதி வரை, உதாரணமாகச் சின்னப் பிள்ளை பள்ளிக்குப் போய் முதல் ஆண்டு முடியும் வரை. அந்தக் காலத்தில் அவருக்கு நின்றுபோகும் ஓய்வூதியப் பங்களிப்பை மற்றவர் சம்பளத்திலிருந்து, குறைத்தவர் பெயரில் உள்ள கணக்கில் மாதாமாதம் போடுவது. முடிந்த பிறகு மற்றவர் தன் நேரத்தைக் குறைக்கும் முறை எப்போது தொடங்கும் என்ற தேதி. மூன்றாவதை எழுதும்போதுதான் பேச்சு நீளும். அதனால் முதலில் அதை எழுதுங்கள், மற்ற இரண்டையும் அதன்பிறகு நிரப்புங்கள்.

#14 படியளவு

மூன்றாவது தேதிக்கு ஆறு மாதம் முன்னால் இருவர் காலண்டரிலும் ஒரு நினைவூட்டல் போடுங்கள். குறைக்கப்போகிறவர் தன் அலுவலகத்தில் நடுவிருக்கை சொன்ன ஆறு வார முயற்சியைக் கேட்டு முடிக்க அவ்வளவு காலம் வேண்டும். நோட்டீஸ் காலம் மூன்று மாதம் உள்ள வேலை என்றால் ஒன்பது மாதம் முன்னால்.